கல்லீரல் இருக்கிறதே என்று துணியலாமா? – வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கல்லீரலைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற மாதம் கேட்டிருந்தோம். மதுவைப் பற்றியும் மஞ்சள் காமாலையைப் பற்றியும்தான் கடிதங்கள் வரும் என்று நினைத்திருந்தேன். வந்தவற்றில் பல, காலணி ஒட்டுகிறவர்களும் சாயப்பட்டறையில் நிற்கிறவர்களும் தோல் பதனிடும் இடங்களில் உழைக்கிறவர்களும் எழுதியவை. ஆகவே இம்மாதப் பக்கங்களை அவர்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஆம்பூர் அருகே ஒரு காலணித் தொழிற்சாலையில், அடிப்பாகம் ஒட்டும் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நாள் முழுவதும் சொல்யூஷன் வாடையிலேயே இருக்கிறோம். "உள்ளே போகிற விஷத்தையெல்லாம் கல்லீரல் முறித்துவிடும், ஒரு டம்ளர் பாலும் இரண்டு வாழைப்பழமும் சாப்பிட்டால் போதும்" என்கிறார் எங்கள் சூப்பர்வைசர். கல்லீரல் உண்மையில் என்ன செய்கிறது?

பதில்: உங்கள் சூப்பர்வைசர் சொன்னது முழுப் பொய்யாக இருந்தால் ஒரே வரியில் மறுத்துவிடலாம். அதில் கொஞ்சம் உண்மையும் கலந்திருப்பதால் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பசையிலும் தின்னரிலும் உள்ள டொலுவீன், ஹெக்சேன் போன்ற கரைப்பான்கள் கொழுப்பில் எளிதாகக் கரைபவை, நீரில் மிகக் குறைவாகவே கரைபவை. சிறுநீரகமோ நீரில் கரைவதைத்தான் வெளியேற்ற வல்லது. கொழுப்பில் கரையும் பொருள் அங்கே வடிகட்டப்பட்டாலும், சிறுநீர் நுண்குழாயின் சுவரைக் கடந்து மீண்டும் இரத்தத்துக்கே திரும்பிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பாத்திரத்தை வெறும் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் பிசுக்கு போகாதல்லவா? அதற்குச் சாம்பலோ சீயக்காயோ வேண்டும். எண்ணெய்த் தன்மை கொண்ட பொருளை நீரில் கரையும் பொருளாக மாற்றிச் சிறுநீருக்கோ பித்தநீருக்கோ அனுப்பிவைப்பதுதான் கல்லீரலின் வேலை. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள இந்த உறுப்பின் வழியாக ஒவ்வொரு நிமிடமும் சுமார் ஒன்றரை லிட்டர் இரத்தம் பாய்கிறது.

இந்த மாற்றம் பொதுவாக இரண்டு கட்டங்களாக நிகழ்கிறது. முதல் கட்டத்தைச் செய்பவை சைட்டோகுரோம் பி450 என்னும் நொதிக் குடும்பத்தினர். கார்பன் மோனாக்சைடு சேர்ந்த நிலையில் இவை 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை உறிஞ்சுவதால், 1962-இல் ஒமுரா, சாட்டோ என்ற ஜப்பானிய அறிஞர்கள் இப்பெயரை இட்டார்கள். மனித உடலில் இக்குடும்பத்தைச் சேர்ந்த 57 நொதிகளுக்கான மரபணுக்கள் இருக்கின்றன. வந்து சேர்ந்த மூலக்கூறின் மீது ஓர் ஆக்சிஜன் அணுவை ஏற்றி, அதில் ஒரு பிடி வைப்பதே இவற்றின் முக்கியமான பணி. இரண்டாம் கட்டத்தில் வேறு நொதிகள் அந்தப் பிடியில் குளுக்குரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ குளூட்டதயோனையோ கிளைசினையோ கட்டிவிடுகின்றன. கட்டுண்ட பொருள் நீரில் நன்றாகக் கரைந்து வெளியேறிவிடுகிறது.

உங்கள் சொல்யூஷனில் உள்ள டொலுவீன் பெரும்பாலும் இந்த நல்வழியில்தான் போகிறது. அதன் வளையத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மெத்தில் தொகுதியைக் கல்லீரல் பிடித்து ஆக்சிஜனேற்றம் செய்து பென்சாயிக் அமிலமாக்குகிறது. பின்னர் அதனோடு கிளைசினைச் சேர்த்து ஹிப்பூரிக் அமிலமாக வெளியே அனுப்புகிறது. இந்த அமிலத்துக்குப் பெயரிட்டவர் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர். 1829-இல் குதிரையின் சிறுநீரை ஆராய்ந்தபோது இது பென்சாயிக் அமிலத்திலிருந்து வேறான ஒரு பொருள் என்று கண்டதால், குதிரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே வைத்தார்.

இனி டொலுவீனின் நெருங்கிய உறவினரான பென்சீனைப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு மெத்தில் தொகுதிதான். பிடிப்பதற்கு அது இல்லாததால், கல்லீரல் வளையத்தின் மீதே ஆக்சிஜனை ஏற்றுகிறது. பென்சீன் ஆக்சைடு, ஃபீனால், ஹைட்ரோகுவினோன் என்று அது படிப்படியாக மாறுகிறது. இவற்றில் ஒரு பகுதி இரத்தத்தோடு எலும்பு மஜ்ஜைக்குச் சென்று, அங்குள்ள வேறொரு நொதியால் குவினோனாகி, இரத்த அணுக்கள் பிறக்கும் இடத்தையே தாக்குகிறது. இரத்தப் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடுகிறது. 1979-இல் வெளியான ஓர் ஆய்வில், கல்லீரலின் பெரும்பகுதியை அறுவை செய்து நீக்கிய எலிகளுக்குப் பென்சீன் கொடுத்துப் பார்த்தார்கள். கல்லீரல் முழுமையாக இருந்த எலிகளைவிட அவற்றுக்கு நஞ்சின் பாதிப்பு குறைவாகவே இருந்தது. நஞ்சை முறிப்பதாக நாம் நம்பியிருக்கும் உறுப்பே இங்கே நஞ்சைச் செய்து கொடுத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

காலணிப் பசைக்கு இன்னும் நெருக்கமானது ஹெக்சேனின் கதை. 1960-களில் ஜப்பானில், வீட்டிலேயே செருப்பு ஒட்டும் தொழில் செய்தவர்கள் பலருக்குப் பாதங்களில் மரமரப்பு தொடங்கி, கால்கள் வலுவிழந்து, நடக்கவே முடியாத நிலை ஏற்பட்டது. காரணம் பசையில் இருந்த ஹெக்சேன். கல்லீரல் அதன் இரு முனைகளுக்கும் அடுத்த கார்பன்களில் ஆக்சிஜனை ஏற்றி 2,5-ஹெக்சேன்டயோன் என்ற பொருளாக்குகிறது. அது நீண்ட நரம்பிழைகளுக்குள் இருக்கும் புரதங்களைப் பிணைத்துச் சேதப்படுத்துகிறது. அதே பசையில் மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற கரைப்பானும் சேர்ந்திருந்தால் பாதிப்பு இன்னும் கூடுகிறது. உங்களுக்கோ உடன் வேலை செய்பவர்களுக்கோ பாதத்தில் ஊசி குத்துவது போன்ற உணர்வோ, செருப்பு நழுவுவது தெரியாத நிலையோ இருந்தால், அதைச் சர்க்கரை நோய் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளாமல், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மற்றொரு செய்தியும் உண்டு. வாய்வழியே உண்பது குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் செல்லும். அங்கே சோதனை முடிந்த பிறகே உடலெங்கும் பரவும். மூச்சில் ஏறும் ஆவியோ நுரையீரலிலிருந்து இதயத்துக்குச் சென்று, அங்கிருந்து மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்கிறது. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழக் கால் பங்கே ஒரு சுற்றில் கல்லீரலை அடைகிறது. பிற்பகலில் உங்களுக்குத் தலை கிறுகிறுப்பது, கல்லீரல் தொடுவதற்கு முன்பே கரைப்பான் மூளையை அடைந்துவிட்டது என்பதன் அடையாளம். கையில் ஒட்டிய பசையைத் தின்னரால் கழுவும் வழக்கமும் இப்படித்தான். தோல் வழியே ஏறுவதும் கல்லீரல் என்னும் வாசலைக் கடந்து வருவதில்லை.

பாலும் வாழைப்பழமும் நல்ல உணவு. உழைப்பவர்களுக்கு அவற்றைத் தாராளமாகக் கொடுக்கட்டும். இரைப்பைக்குப் போகும் பால், நுரையீரல் வழியே ஏறிய ஆவியைச் சந்திப்பதே இல்லை. ஆவியை இழுத்து வெளியேற்றும் விசிறியும் குழாயும் அமைப்பதற்குப் பதிலாகப் பால் கொடுப்பதை எந்தத் தொழிற்சாலையும் பாதுகாப்பு என்று சொல்லக் கூடாது.

கேள்வி: மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்களுக்குக் கண்பார்வை போவது ஏன்? சாதாரண மதுவும் ஒரு வகை ஆல்கஹால்தானே? அந்த விஷத்துக்கு மதுவே மருந்து என்று ஒருவர் சொன்னது உண்மையா? (விழுப்புரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

பதில்: 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மெத்தனாலால் உயிரிழந்ததை நினைத்துக்கொண்டே இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். மெத்தனால் ஒரு தொழிற்சாலைக் கரைப்பான். அது மாறாமல் மெத்தனாலாகவே உடலில் தங்கியிருந்தால் பெரிய தீங்கு செய்வதில்லை. சாதாரண மதுவில் உள்ள எத்தனாலை உடைக்கும் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்ற அதே நொதிதான் மெத்தனாலையும் உடைக்கிறது. எத்தனாலிலிருந்து அசிட்டால்டிஹைடும், பிறகு வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலமும் வருகின்றன. அந்த அமிலத்தை உடல் எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்ளும். மெத்தனாலிலிருந்து வருவது ஃபார்மால்டிஹைடு; அதிலிருந்து ஃபார்மிக் அமிலம். மனிதக் கல்லீரல் ஃபார்மிக் அமிலத்தை மிக மெதுவாகவே அகற்றுகிறது. தேங்கிய அமிலம் இரத்தத்தின் அமிலத்தன்மையை ஏற்றுவதோடு, செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் இயந்திரத்தையே முடக்கிவிடுகிறது. ஆற்றல் அதிகம் தேவைப்படும் கண் நரம்பு முதலில் அடிபடுகிறது. குடித்த இரவில் தெளிவாக இருந்தவர் மறுநாள் கண் தெரியவில்லை என்று சொல்வது, கல்லீரல் தன் வேலையைச் செய்ய எடுத்துக்கொண்ட நேரத்தால்தான்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். அந்த நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால் மீது நாட்டம் பல மடங்கு அதிகம். எத்தனால் இருக்கும்வரை நொதி அதிலேயே ஈடுபட்டிருக்கும். மெத்தனால் மாறாமல் மூச்சு வழியாகவும் சிறுநீர் வழியாகவும் டயாலிசிஸ் மூலமும் வெளியேற நேரம் கிடைக்கும். இப்போது அந்த நொதியை நேரடியாகத் தடுக்கும் ஃபோமெபிசோல் என்ற மருந்தும் இருக்கிறது. கல்லீரலின் வேலையைத் தடுத்து நிறுத்துவதே சிகிச்சையாக அமைகிறது என்பதை மாணவியாகிய நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இதை மருத்துவமனையில் இரத்த அளவுகளைப் பார்த்துக்கொண்டு மட்டுமே செய்ய இயலும். வீட்டில் யாரும் மதுவை மருந்தாகக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. இழக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பார்வையின் விலை.

கேள்வி: இராணிப்பேட்டையில் தோல் ஃபினிஷிங் பிரிவில் வேலை. வேலை முடிந்து சிறிது குடித்தால் முகமெல்லாம் நெருப்பாகச் சிவந்து நெஞ்சு படபடக்கிறது. முன்பு இப்படி இருந்ததில்லை. குடித்தால் கெமிக்கல் கரைந்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

பதில்: நண்பர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். உங்கள் உடல் மிகச் சரியான எச்சரிக்கையைக் கொடுத்திருக்கிறது. பாலியூரித்தேன் பூச்சுகளில் பயன்படும் டைமெத்தில் ஃபார்மமைடு என்ற கரைப்பானை, டி.எம்.எஃப். என்று உங்கள் பிரிவில் சொல்லக்கூடும். அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறிக் கல்லீரல் செல்களைச் சிதைக்க வல்லது. அதன் சிதைபொருள்கள், மதுவிலிருந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடை அகற்றும் நொதியை முடக்கிவிடுகின்றன. அசிட்டால்டிஹைடு தேங்குவதால்தான் முகம் சிவக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. உங்கள் பிரிவில் அந்தக் கரைப்பான் பயன்பாட்டில் இருக்கிறதா என்று கேட்டறியுங்கள். இருந்தால், நீங்கள் காண்பது நச்சேற்றத்தின் அடையாளமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மதுவுக்கும் கரைப்பானுக்கும் வேறோர் உறவும் உண்டு. பி450 குடும்பத்தில் 2ஈ1 என்ற நொதி மதுவையும் உடைக்கிறது, டி.எம்.எஃப்., பென்சீன், கார்பன் டெட்ராகுளோரைடு போன்றவற்றையும் உடைக்கிறது. தொடர்ந்து குடிப்பவரின் கல்லீரலில் இந்த நொதியின் அளவு பெருகிவிடும். மது இரத்தத்தில் இருக்கும் நேரத்தில் இரண்டும் ஒரே நொதிக்காகப் போட்டியிடும். மது வடிந்த மறுநாள், பெருகி நிற்கும் நொதிக்குக் கரைப்பான் மட்டுமே கிடைக்கிறது. கெட்ட இடைப்பொருள் வேகமாக உண்டாகிறது. கார்பன் டெட்ராகுளோரைடு இதற்குப் பழைய சான்று. முன்பு உலர்சலவையிலும் தீயணைப்பான்களிலும் இருந்த இப்பொருளை அந்த நொதி ஓர் எலக்ட்ரானை ஏற்றி, நிலைகொள்ளாத மூலக்கூறுத் துண்டாக (ஃப்ரீ ரேடிக்கல்) உடைக்கிறது. அது பக்கத்திலிருக்கும் செல் சவ்வின் கொழுப்பைத் தீப்பற்றியது போலச் சங்கிலியாகக் கெடுத்துக்கொண்டே போகிறது. ஆக, நொதி மிகுந்திருக்கும் கல்லீரல் நுண்மடல்களின் நடுப்பகுதியே முதலில் செத்துப்போகிறது. குடிப்பவர்களுக்கு இந்த நஞ்சு கடுமையாக ஏறுவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்திருக்கிறார்கள்.

உடனே குடியை நிறுத்துங்கள், நீண்ட கையுறை கேளுங்கள், இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் உங்கள் வேலையின் விவரத்தைச் சொல்லிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தந்தை இருபது ஆண்டுகள் சாயப்பட்டறையில் வேலை செய்தார். அவருக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். சாயம் கல்லீரலில்தானே உடைகிறது, அங்கே எப்படி நோய் வந்தது? (திருப்பூர்)

பதில்: உங்கள் வேதனை புரிகிறது. ஒருவருக்கு வந்த நோய்க்கு இதுதான் காரணம் என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல இயலாது; புகைப்பழக்கமும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் பெரிய காரணம். சாயத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் உள்ள தொடர்பை மட்டும் விளக்குகிறேன்.

1895-இல் ஃபிராங்க்பர்ட் நகரின் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், ஃபுக்சின் சாயம் செய்யும் ஆலையின் தொழிலாளர்களிடையே சிறுநீர்ப்பைக் கட்டிகளைக் கண்டு அறிவித்தார். இதற்குப் பொறுப்பானவை அரோமாட்டிக் அமீன்கள் எனப்படும் பொருள்கள். சில அசோ சாயங்களைக் குடல் பாக்டீரியாக்களும் கல்லீரலும் இரண்டாகப் பிளக்கும்போது இவை உண்டாகின்றன. கல்லீரலின் பி450 நொதி அமீனின் நைட்ரஜன் மீது ஆக்சிஜனை ஏற்றுகிறது. பிறகு, தீங்கை அடக்கும் நோக்கில், அதைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு கட்டி அனுப்புகிறது. அந்தக் கட்டு இரத்தத்தில் அவிழாது. சிறுநீர் அமிலத்தன்மை கொண்டது. அங்கே மணிக்கணக்கில் தேங்கி நிற்கும்போது கட்டு அவிழ்ந்து, வினைபுரியத் துடிக்கும் பொருள் சிறுநீர்ப்பையின் உட்சுவரில் உள்ள மரபுப்பொருளோடு ஒட்டிக்கொள்கிறது.

எல்லோருக்கும் இது ஒரே அளவில் நிகழ்வதில்லை. இத்தகைய அமீன்கள் சிலவற்றைக் கல்லீரல் அசிட்டைல் தொகுதி சேர்த்துத் தணித்துவிடும். அந்த நொதி மெதுவாக வேலை செய்யும் மரபமைப்புள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அத்தகைய மெதுவான வகையினரே. "அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே, உனக்கு மட்டும் ஏன்" என்று பட்டறையில் கேட்பவர்களுக்கு நீங்கள் இதைச் சொல்லலாம். தீங்கான அமீன்களை வெளியிடும் அசோ சாயங்களை 1994-இல் ஜெர்மனி தடை செய்தது. இந்தியாவும் 1990-களிலேயே, அத்தகைய அமீன்களில் ஒன்றான பென்சிடினிலிருந்து செய்யும் சாயங்களுக்குத் தடை விதித்தது. இந்த நோய் வெளிப்பட இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகும் என்பதால், தடைக்கு முன்பு சாயத் தொட்டியருகே நின்றவர்கள் சிறுநீரில் வலியில்லாமல் இரத்தம் தெரிந்தாலும் ஒரு வாரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

கேள்வி: கல்லீரலால் உடைக்கவே முடியாத இரசாயனம் உண்டா?

பதில்: உண்டு. ஒட்டாத பூச்சுகளிலும் தீயணைப்பு நுரைகளிலும் பயன்பட்ட ஃபுளோரின் சேர்மங்கள் பலவற்றில் உள்ள கார்பன்–ஃபுளோரின் பிணைப்பை வெட்டும் நொதி நம்மிடம் இல்லை. அவை பாதியாகக் குறையவே ஆண்டுக்கணக்கில் ஆகின்றன. டையாக்சினும் அவ்வாறே உடற்கொழுப்பில் பல ஆண்டுகள் தங்குகிறது. கெப்போன் என்ற பூச்சிக்கொல்லியின் வரலாறு கொஞ்சம் ஆறுதல் தரும். 1975-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹோப்வெல் என்ற ஊரில் அதைத் தயாரித்த ஆலையின் தொழிலாளர்கள் கை நடுக்கத்தோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். கல்லீரல் அந்த நஞ்சைப் பித்தநீரில் கொட்ட, குடல் அதை மீண்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தது தெரியவந்தது. கொழுப்பைக் குறைக்கத் தரும் கொலஸ்டைரமின் என்ற மருந்து குடலிலேயே அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. இரத்தத்தில் நஞ்சு பாதியாகக் குறைய எடுக்கும் காலமும் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது.

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் ஆண்டுதோறும் கல்லீரல் இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். எனக்கு எஸ்.ஜி.பி.டி. அளவு சரியாக இருக்கிறது. பயமில்லைதானே? கல்லீரலைச் சுத்தம் செய்யும் பானங்களைக் குடிக்கலாமா?

பதில்: எஸ்.ஜி.பி.டி. என்பது கல்லீரல் செல் உடைந்தால் இரத்தத்தில் கசியும் ஒரு நொதி. செல் உடைகிறதா என்பதைத்தான் அது காட்டும். எவ்வளவு இரசாயனம் உடலில் ஏறியது, மஜ்ஜையிலோ நரம்பிலோ என்ன நடக்கிறது என்பதை அது காட்டாது. 1974 ஜனவரியில் அமெரிக்காவின் லூயிவில் நகரில், பி.வி.சி. செய்யும் ஆலையின் தொழிலாளர்கள் சிலர் கல்லீரல் இரத்தக்குழாய்ப் புற்றுநோயால் இறந்தது வெளிப்பட்டது. மிக அரிதான அந்தப் புற்றுநோய் ஒரே ஆலையில் திரும்பத் திரும்ப வந்ததால்தான் கண்டுபிடிக்க முடிந்தது. காரணம் பி.வி.சி.யின் மூலப்பொருளான வினைல் குளோரைடு வாயு. 2ஈ1 நொதி அதை எபாக்சைடாக மாற்ற, அது மரபுப்பொருளில் ஒட்டுகிறது. இந்த நோயை முன்கூட்டியே காட்ட வழக்கமான கல்லீரல் பரிசோதனைகள் போதுமானவையாக இல்லை. பத்து இலட்சத்தில் 500 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த காற்று வரம்பை அமெரிக்க அரசு ஒரு பங்காகக் குறைத்தது. நோயைத் தடுத்தது அந்த மாற்றம்தான்.

பானங்களை விட்டுவிடுங்கள். கல்லீரலில் துடைத்தெடுக்கும்படி அழுக்கு எதுவும் படிந்திருப்பதில்லை. சில மூலிகைப் பொடிகளே கல்லீரலைக் கெடுத்து நோயாளிகளை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கின்றன.

நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. கையாளும் டின்களில் என்ன இருக்கிறது என்று சொல்லும் எம்.எஸ்.டி.எஸ். தாளைக் கேளுங்கள். போபால் விபத்துக்குப் பின் 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் வந்த திருத்தம், தாம் கையாளும் பொருளின் ஆபத்தைத் தொழிலாளர்கள் அறியும் உரிமையைச் சட்டமாக்கியது. அந்த உரிமையைக் கூச்சமின்றிப் பயன்படுத்துங்கள். முகத்தில் கட்டும் கைக்குட்டையும் துணி முகக்கவசமும் ஆவியைத் தடுப்பதில்லை. கரி நிரப்பிய குப்பியுள்ள கவசம் வேண்டும், குப்பியை உரிய காலத்தில் மாற்றவும் வேண்டும். இரத்தப் பரிசோதனையோடு சிறுநீர்ப் பரிசோதனையும் கேளுங்கள்: ஹெக்சேனுக்கு 2,5-ஹெக்சேன்டயோன், டி.எம்.எஃப்.-க்கு மெத்தில் ஃபார்மமைடு, டொலுவீனுக்கு ஹிப்பூரிக் அமிலம் அல்லது ஆர்த்தோ கிரெசால். ஹிப்பூரிக் அமிலம் பார்ப்பதென்றால், கெடாமலிருக்கப் பென்சோயேட் சேர்த்த கடை ஊறுகாயையும் குளிர்பானத்தையும் முதல் நாளிலிருந்தே தவிருங்கள். அவற்றாலும் அளவு கூடும். மாதிரியை விடுமுறை முடிந்த திங்கட்கிழமை காலையில் கொடுத்தால், ஏறியதில் பெரும்பகுதி அதற்குள் வெளியேறியிருக்கும். தாளில் எல்லாம் சரியாகத் தெரியும். வேலை வாரத்தின் கடைசி நாளில், ஷிஃப்ட் முடியும் நேரத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.